இப்போ என்ன கேட்டுக்கிட்டு இருக்கீங்க?

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் என் காதில் இருந்த ஹெட்போனைப் பார்த்துவிட்டு, "என்ன சார் கேட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டார். பேச்சைத் தொடங்குவதற்காகக் கேட்ட சாதாரணக் கேள்வி. காலையிலிருந்து நான்கு மணி நேரமாகப் பாட்டு என் காதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "சும்மா, ஏதோ பாட்டு" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

எனக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று இரவு செயலியைத் திறந்து அன்றைக்குக் கேட்டவற்றின் பட்டியலைப் பார்த்தேன். அறுபதுக்கும் மேல் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட என்னால் முணுமுணுக்க முடியவில்லை. சிறு வயதில் ஒரே கேசட்டை நாடா தேயத் தேயக் கேட்டு வளர்ந்தவன் நான். எந்தப் பாட்டு முடிந்தால் எது வரும், எந்த இடத்தில் நாடா சுருங்கிக் குரல் ஒரு கணம் நடுங்கும் என்பதுவரை மனப்பாடம். வேறொருவர் வீட்டில் அதே பாட்டு நடுக்கம் இல்லாமல் ஒலித்தால் ஏதோ குறைவதுபோல் இருக்கும். அப்படிக் கேட்டவனுக்கு இன்றைக்கு உலகத்து இசை அத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் 'ஏதோ பாட்டு' என்று சொல்லத்தான் வாய் வந்தது.

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். இனி யாராவது கேட்டால் பதில் இருக்க வேண்டும். பெயர் மட்டும் போதாது, ஏன் பிடித்திருக்கிறது என்பதையும் சொல்லத் தெரிய வேண்டும். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. இந்தக் காலத்தில் கேட்டதையும், கேட்கும் விதத்தில் நான் மாற்றிக்கொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் செய்தது, ஒரு பாட்டு முடிந்ததும் தானாக அடுத்ததற்குத் தாவும் வசதியை அணைத்தது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு இதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. பாட்டு முடிந்ததும் வருகிற அமைதியில்தான் 'இப்போது என்ன கேட்டோம்?' என்ற கேள்வியே எழுகிறது. அடுத்த பாட்டு உடனே வந்து விழுந்தால் முந்தையது அப்படியே அழிந்துபோகிறது.

அப்புறம், வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். ஒரு வாரம் முழுக்க ஒரே ஒரு துண்டு இசை, தினமும் ஒரு முறையாவது, வேறு வேலை எதுவும் செய்யாமல். மற்ற நேரத்தில் மற்றதைக் கேட்கலாம், தடை ஒன்றும் இல்லை. கேட்டு முடித்ததும் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுவேன். அதில் மட்டும் கண்டிப்பு: 'அருமை', 'சூப்பர்', 'மனதை உருக்குகிறது' போன்ற சொற்கள் கூடாது. எந்த இடத்தில் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். எனக்கு முறையான சங்கீதப் பயிற்சி கிடையாது. அதனால் என் நோட்டில் 'இங்கே கதவு திறந்த மாதிரி', 'இங்கே படி இறங்குகிறார்' என்றெல்லாம்தான் இருக்கும். அது போதும்.

முதல் வாரத்துக்கு நான் எடுத்தது, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக், செல்லோ என்ற பெரிய வயலின் போன்ற தந்தி வாத்தியத்துக்கு எழுதிய ஆறு தொகுதிகளில் முதலாவதின் தொடக்கப் பகுதி. இரண்டரை நிமிடம்தான், அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். விளம்பரங்களில் அடிக்கடி வருவதால் எல்லோருக்கும் காதில் பட்டிருக்கும். எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

முதல் நாள் எனக்குக் கேட்டது ஓர் ஓட்டம் மட்டும். ஒரே சீரான வேகத்தில் சுரங்கள் வந்துகொண்டே இருக்கின்றன, பாட்டு என்று பிடித்துக்கொள்ள ஒரு வரி கிடைக்கவில்லை. இரண்டாம் நாள், ஒவ்வொரு சுழற்சியின் அடியிலும் வருகிற தாழ்ந்த சுரத்தை மட்டும் பின்தொடர்ந்தேன். தொடக்கத்தில் அது அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறது, மேலே இருப்பவை மட்டும் மாறுகின்றன. பிறகு அதுவும் மெல்ல இறங்குகிறது. அன்றைக்குத்தான் புரிந்தது: ஒற்றை வாத்தியம்தான் வாசிக்கிறது, ஆனால் காதுக்குள் இரண்டு மூன்று பேர் பேசிக்கொள்கிறார்கள். தாழ்ந்த சுரம் ஒலித்து நின்றுவிட்ட பிறகும் நம் மனம் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதன்மேல் அடுத்த சுரங்கள் வந்து உட்காருகின்றன. பாதி இசை கேட்பவருக்குள்ளேதான் நடக்கிறது.

பாதியைத் தாண்டியதும் ஓர் இடத்தில் ஓட்டம் நின்று மூச்சு விடுகிறது. வேறு எங்கும் நிற்காத ஓட்டம் அங்கே நிற்கிறது. அதற்குப் பிறகு வருவது எல்லாமே கொஞ்சம் வேறு மாதிரி, தயங்கித் தயங்கித் தொடங்கும். கடைசிப் பகுதியில் ஒரு சுரம் அசையாமல் திரும்பத் திரும்ப ஒலிக்க, அதற்கு எதிரே இன்னொரு வரிசை அரைச் சுரம் அரைச் சுரமாக மேலே ஏறுகிறது. ஏறி முடித்து, கடைசியாகப் பல தந்திகள் சேர்ந்து ஒலிக்கும் அந்த நிறைவான ஒலி வரும்போது, உட்கார்ந்திருந்த எனக்கே தோள் இறங்கியது. அதுவரை தோளைத் தூக்கி வைத்திருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

அந்த வாரத்தில்தான் செல்லோ கலைஞர் பாப்லோ கசால்ஸ் பற்றியும் படித்தேன். 1890-இல், தன் 13-ஆவது வயதில், பார்சிலோனாவில் ஒரு பழைய இசைப் புத்தகக் கடையில் இந்தத் தொகுதிகளின் பிரதி அவர் கையில் கிடைத்திருக்கிறது. அதுவரை இவற்றைப் பயிற்சிப் பாடங்களாகத்தான் பெரும்பாலும் பார்த்தார்களாம். சிறுவன் அதை வீட்டுக்கு எடுத்துப்போய், சுமார் 12 வருடம் தினமும் வாசித்துப் பார்த்த பிறகுதான் மேடையில் வாசித்தார். ஒலிப்பதிவு செய்தது 1936-இலிருந்து 1939-க்குள். 12 வருடம்! நான் ஒரு வாரம் கேட்டுவிட்டு நோட்டில் எழுதிய வரிகளை அதன் பிறகு இன்னும் மரியாதையோடு எழுதத் தொடங்கினேன்.

இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு. எந்த இசையாக இருந்தாலும் ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் பின்தொடருங்கள். இன்றைக்கு அடிச்சுரம், நாளைக்குத் தாளவாத்தியம், மறுநாள் வாசிப்பவரின் மூச்சு. செல்லோ பதிவுகளில் பலருடைய மூச்சு நன்றாகவே கேட்கும். எங்கே மூச்சு இழுக்கிறார் என்று தெரிந்தால், வாக்கியம் எங்கே தொடங்குகிறது என்று அவர் நினைக்கிறார் என்பதும் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்க முயன்றால் எதுவும் நிற்காது.

அடுத்து தோடி ராகம். இதில் ஒரு குழப்பம் நடந்தது. வயலின் வாசிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரிடம், அடுத்து என்ன கேட்கலாம் என்று விசாரித்தேன். "ஒரு வாரம் தோடி கேளுங்க" என்று ஒரே வரியில் அனுப்பினார். செயலியில் 'தோடி' என்று தேடினேன். முதலில் வந்தது ஒரு சிதார் வாசிப்பு. அதையே எடுத்துக்கொண்டு ஒரு வாரம் முழுக்கக் கேட்டேன். அதில் நடுவே ஒரு சுரம் ஊசி மாதிரி மேலே தைத்துவிட்டு மெதுவாக இறங்கும். அந்த இடம் வரும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ பிசையும். நோட்டில் அதைப் பற்றியே நான்கு நாள் எழுதியிருந்தேன்.

வார முடிவில் நண்பரைக் கூப்பிட்டு அந்த இடத்தை வாயால் பாடிக் காட்டினேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நீங்க பாடுறது பிரதி மத்தியமங்க, அதாவது 'ம'வோட உயர்ந்த வகை. தோடில அது கிடையாதே. என்ன கேட்டீங்க?" என்றார். சொன்னேன். அப்புறம்தான் பொறுமையாக விளக்கினார். இந்துஸ்தானி தோடியும் கர்நாடகத் தோடியும் பெயரில் மட்டும்தான் ஒன்று. இந்துஸ்தானித் தோடியின் சுரங்கள் இங்கே 45-ஆவது மேளமான, அதாவது தாய் ராகமான, சுபபந்துவராளிக்கு உரியவை. இங்கே தோடி என்பது 8-ஆவது மேளமான ஹனுமத்தோடி. அதன் சுரங்களை அங்கே தேடினால் பைரவி என்ற பெயரில் கிடைக்கும். சரி, அப்படியானால் நம் பைரவி? அது இன்னொரு ராகம். ஆக இரண்டு பெயர், நான்கு ராகம்.

எனக்கு அந்த வாரம் வீண் போனதாகத் தோன்றவில்லை. சுபபந்துவராளியின் அந்த மத்தியமம் இனி எங்கே கேட்டாலும் அடையாளம் தெரியும். ஆனால் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். ஒருவருக்கு இசையைச் சொல்லும்போது பெயரை மட்டும் சொல்லக் கூடாது. யார் பாடியது, எந்த வாத்தியம், எந்தப் பதிவு, எவ்வளவு நீளம், இவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முடிந்தால் இணைப்பையே அனுப்பிவிட வேண்டும். நான் கேட்டதும் அவர் கேட்டதும் ஒன்றுதானா என்று உறுதி செய்துகொள்ளாமல் ரசனையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

இரண்டாவது முறை நண்பர் சரியாகவே அனுப்பினார்: திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத்தில் தோடி. 1898-இல் பிறந்து 1956-இல் மறைந்தவர். தோடி என்றாலே அவர் பெயரைத்தான் சொல்வார்கள். பழைய பதிவு என்பதால் தொடங்கியதும் ஒரே இரைச்சல். எண்ணெய்ச் சட்டியில் ஏதோ பொரிகிற மாதிரி. முதல் நாள் அந்த இரைச்சலைத் தாண்டி என்னால் உள்ளே போகவே முடியவில்லை. ஒலியைக் கூட்டினேன். இரைச்சலும் சேர்ந்து கூடியது. காது வலித்ததுதான் மிச்சம்.

மறுநாள் நேர்மாறாகச் செய்தேன். ஒலியைக் குறைத்து, அறையை இருட்டாக்கி, ஐந்து நிமிடம் எதையும் எதிர்பார்க்காமல் உட்கார்ந்தேன். இரைச்சல் மாறாமல் ஒரே மாதிரி இருக்கிறது, நாதம் மாறிக்கொண்டே இருக்கிறது. காது கொஞ்ச நேரத்தில் மாறாததைத் தள்ளி வைத்துவிட்டு மாறுவதைப் பிடித்துக்கொள்கிறது. மழைச் சத்தத்துக்கு நடுவே பேச்சைக் கேட்பதுபோலத்தான். பழைய பதிவுகளைக் கேட்கத் தயங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் ஐந்து நிமிடத்தை இரைச்சலுக்கென்று கொடுத்துவிடுங்கள், ஒலியைக் கூட்டாதீர்கள்.

உள்ளே போன பிறகு என்ன கேட்டது? காந்தாரம். தோடியில் காந்தாரம் என்ற சுரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. கீழே ரிஷபத்தையும் மேலே மத்தியமத்தையும் தொட்டுத் தொட்டு ஊஞ்சலாடுகிறது. சுரம் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னால் முடியாது, ஆனால் அது இருக்கிறது என்பதில் சந்தேகமே வராது. பியானோ மாதிரி கட்டைக்கு ஒரு சுரம் என்று பிரித்து வைத்த வாத்தியத்தில் இதை வாசிக்கவே வழியில்லை. நாதஸ்வரத்தில் உதட்டின் அழுத்தத்தாலும் காற்றின் அளவாலும் துளைகளில் விரல் பாதி மூடிப் பாதி திறப்பதாலும் இது நடக்கிறது. மேலே விரல் வைத்து வாசிக்க ஏழு துளை, கீழே இன்னும் ஐந்து துளை, வாயில் நாணலில் செய்த ஒரு சீவாளி. இவ்வளவுதான் கருவி. அதிலிருந்து இப்படி ஒரு அசைவு எப்படி வருகிறது என்று நினைக்க நினைக்க வியப்பாக இருந்தது.

முன்பு பெரும்பாலும் புழங்கியது திமிரி என்ற, நீளம் குறைந்த, உச்ச சுருதி நாதஸ்வரம். ராஜரத்தினம் பிள்ளையின் காலத்தில், அவருடைய முயற்சியால், நீளம் கூடிய பாரி நாதஸ்வரம் பரவலானது. சுருதி தாழ்ந்தது, நாதம் கனத்தது. அந்தப் பதிவைக் கேட்டபோது எனக்கு இந்த விவரம் தெரியாது. ஆனால் நோட்டில் மூன்றாம் நாள் எழுதியிருக்கிறேன்: 'நாதஸ்வரம் என்று நான் நினைத்திருந்ததைவிட இது ஆழமாக, ஒரு மனிதர் தொண்டையைத் திறந்து பாடுவதுபோல இருக்கிறது.' பிறகு படித்துத் தெரிந்துகொண்ட ஒன்று, முன்பே காதுக்குத் தெரிந்திருந்தது என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ஒலி அளவு பற்றிச் சொன்னேன் அல்லவா, அதில் இன்னொன்றும் உண்டு. நாள் முழுக்க ஹெட்போனோடு இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பான அளவு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபலுக்குப் போனால் அதே வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பத்தே டெசிபல் கூடினால் நேரம் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. பல போன்களில் இந்த அளவைக் காட்டும் வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது. ஒரு முறை திறந்து பாருங்கள். நான் பார்த்த அன்றைக்கே இரண்டு புள்ளி குறைத்தேன். ஒரு வாரத்தில் அதுவே பழகிவிட்டது, இப்போது பழைய அளவு கூச்சலாகத் தெரிகிறது.

கர்நாடக இசைப் பாடகர் எம். டி. ராமநாதனிடம் நான் வந்தது எளிதாக இல்லை. 1923-இல் பிறந்து 1984-இல் மறைந்தவர். தாழ்ந்த, கனத்த குரல். மெதுவாக, மிக மிக மெதுவாகப் பாடுவார். அவர் பாடிய சஹானா ராகத்தை எடுத்தேன். முதல் நாள் நோட்டில் இருப்பது ஒரே வரி: 'தூக்கம் வருகிறது.' இரண்டாம் நாள்: 'ஏன் இவ்வளவு இடைவெளி? அடுத்த வரிக்கு ஏன் போக மாட்டேன் என்கிறார்?' மூன்றாம் நாள் பாதியில் நிறுத்திவிட்டேன். நான் மட்டும் வாரம் முழுக்கக் கேட்பது என்று விதி வைத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வேறொன்றுக்குப் போயிருப்பேன்.

ஐந்தாம் நாள் ஒன்று நடந்தது. அன்றைக்கு உடம்பு சரியில்லை, படுத்துக்கொண்டு கேட்டேன். அவர் ஒரு சொற்றொடரைப் பாடி நிறுத்துகிறார். அந்த இடைவெளியில் தம்புரா கேட்டது. அதுவரை தம்புரா ஒலித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை. அவர் நிறுத்திய சுரம் தம்புராவின் நாதத்துக்குள் மெல்லக் கரைந்து போவது தெளிவாகக் கேட்டது. அது முழுவதும் கரைந்த பிறகுதான் அடுத்த சொற்றொடரை எடுக்கிறார். அவர் இடைவெளி விடவில்லை, சுரம் முடியும்வரை கூடவே இருக்கிறார். அவசரப்பட்டது நான்தான். சஹானா வேறு நேராக ஏறி நேராக இறங்குகிற ராகம் கிடையாது, வளைந்து வளைந்து போகும். அந்த வளைவுகளை வேகமாகக் கடந்தால் வளைவு என்பதே தெரியாமல் போய்விடும். இந்த ராகத்துக்கு இந்த நடைதான் சரி என்று அன்றைக்கு மனதார உணர்ந்தேன்.

இப்போதும் ஒரு நாள் முழுக்கக் கூட்டங்களில் பேசி ஓய்ந்து வீடு திரும்பினால் நான் தேடுவது அவரைத்தான். அமைதி வேண்டும் என்பதற்காக இல்லை. ஒரு விஷயத்தை முடியும்வரை விடாமல் பிடித்துக்கொள்ளும் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதற்காக.

திரும்பத் திரும்பக் கேட்டால் அலுக்காதா என்று பலர் கேட்கிறார்கள். எனக்குப் பெரும்பாலும் எதிர்மாறாகத்தான் நடக்கிறது. இதைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. மெக்கில் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்டது. தங்களுக்கு மெய்சிலிர்ப்பு தரும் இசையை மக்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர்கள் மூளையைப் படம்பிடித்தார்கள். சிலிர்க்கும் கணத்தில், இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் சுரந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அதற்கு முந்தைய நொடிகளில், 'இதோ வரப்போகிறது' என்று காத்திருக்கும்போதே, மூளையின் வேறொரு பகுதியில் அது சுரக்கத் தொடங்கிவிட்டது. படித்ததும் என் நோட்டில் எழுதிய பாதி வரிகளுக்கு அர்த்தம் கிடைத்த மாதிரி இருந்தது. தெரியாத பாட்டில் காத்திருக்க எதுவும் இல்லை. தெரிந்த பாட்டில்தான் அந்த இடத்துக்காகக் காத்திருக்க முடியும். செல்லோவில் அந்த ஏற்றம் தொடங்கப்போகிறது என்று தெரிந்து உட்கார்ந்திருக்கும் நான்கைந்து நொடிகள் எனக்கு அந்த ஏற்றத்தைவிடவும் பிடிக்கும்.

ஆனால் எல்லாமே இப்படித் திறப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வாரம் கேட்டும் ஒட்டாமல் போனவை ஏழெட்டு இருக்கும். அவற்றை விட்டுவிட்டேன். வாரம் முழுக்கக் கொடுத்தாயிற்று, வரவில்லை என்றால் வரவில்லை.

இதுவரை சொன்னதைப் பார்த்தால் நான் சினிமாப் பாட்டே கேட்பதில்லை என்று தோன்றலாம். அப்படி இல்லை. அதற்கு எனக்குக் காது திறந்துவிட்டவன் அக்கா பையன். கல்லூரியில் படிக்கிறான், கிடார் வாசிப்பான். ஒரு நாள் நான் பல வருடங்களாகக் கேட்டுவருகிற ஒரு பாட்டை அனுப்பி, "மாமா, ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி வர்ற இடையிசைல பேஸ் கிடாரை மட்டும் கேளுங்க" என்று சொன்னான். போனின் ஒலிபெருக்கியிலேயே போட்டுக் கேட்டேன். எதுவும் இல்லை. "எங்கேடா இருக்கு?" என்றேன். "போன்ல கேட்டா எப்படி மாமா வரும்? ஹெட்போன் போடுங்க" என்றான்.

விஷயம் இதுதான். தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிடாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ் அளவில், அதாவது நொடிக்கு 41 அதிர்வாக, ஒலிக்கிறது. செல்லோவின் தாழ்ந்த தந்தி 65 ஹெர்ட்ஸ். போனில் இருக்கும் நகத்தளவு ஒலிபெருக்கியால் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது. மேலே உள்ள ஓசைகளை வைத்து மூளை ஓரளவு ஊகித்துக்கொள்ளும், ஆனால் அந்த அடித்தளத்தின் கனம் வராது. பாட்டு பிடிக்கவில்லை என்று சொல்வதற்கு முன், பாட்டு முழுவதும் நம் காதுக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும். விலை உயர்ந்த கருவி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காதில் சரியாகப் பொருந்தி, வெளியே காற்று கசியாமல் இருக்கும் எந்தச் சாதாரண இயர்போனும் போதும். பொருந்தவில்லை என்றால் முதலில் போவது பேஸ்தான். கூடவே வருகிற ரப்பர் முனைகளில் வேறு அளவை மாட்டிப் பாருங்கள்.

ஹெட்போனைப் போட்டுக் கேட்டேன். மேலே வயலின்கள் ஒரு மெட்டை வாசிக்கின்றன, அதைத்தான் அத்தனை வருடமும் கேட்டிருக்கிறேன். கீழே பேஸ் கிடார் அதற்குத் துணையாக நிற்காமல் தனக்கென்று ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு எதிர்த்திசையில் நடக்கிறது. மேலே இறங்கும்போது இது ஏறுகிறது. சரணம் தொடங்கும் இடத்தில் இரண்டும் வந்து ஒரே சுரத்தில் சந்திக்கின்றன. நான் பாட்டை நிறுத்திவிட்டு அவனைக் கூப்பிட்டேன். பேச்சு வரவில்லை. "கேட்டுடுச்சா மாமா?" என்று சிரித்தான். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு வார்த்தையே மாறிவிட்டது. முன்பு படிப்பைப் பற்றி விசாரிப்பேன், ஒற்றைச் சொல்லில் பதில் வரும். இப்போது வாரத்துக்கு ஒரு பாட்டு அவன் அனுப்புவான், ஒன்று நான் அனுப்புவேன்.

இசையைப் பகிர்வதைப் பற்றி நான் கற்றுக்கொண்டதெல்லாம் அவனிடமிருந்துதான். அவன் அனுப்பியது ஒன்றே ஒன்று. எங்கே கேட்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று சொன்னான். எனக்குத் தெரிந்த பாட்டிலேயே தெரியாத இடத்தைக் காட்டினான். அதற்கு முன் நான் செய்துகொண்டிருந்தது வேறு. உற்சாகம் வந்துவிட்டால் ஒரே இரவில் ஒன்பது இணைப்புகளை நண்பருக்குத் தட்டிவிடுவேன். "கண்டிப்பா கேளுங்க, செம" என்று கூடவே ஒரு வரி. மறுநாள் காலையில் "கேட்டீங்களா?" என்று விசாரிப்பு. அவர் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது, ஒன்பதில் எதைத் திறப்பார்? இப்போது ஒன்றுதான் அனுப்புகிறேன், நிமிடத்தோடு. 'நான்காவது நிமிடம் தாண்டியதும் தவில் சட்டென்று நின்றுவிடும், அங்கே கேளுங்கள்' என்பதுபோல. பிடித்ததா என்று கேட்பதில்லை. கேட்டவர் தானாகச் சொன்னால் அந்த மகிழ்ச்சி தனி.

ஒரு தவறையும் எழுதிவிடுகிறேன். நெருங்கிய நண்பர் ஒருவரின் அப்பா இறந்த மூன்றாம் நாள், ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, எங்கள் இருவருக்கும் மிகவும் பிடித்த ஒரு பாட்டை அவருக்கு அனுப்பினேன். அவர் கேட்டார், நன்றி என்று பதிலும் அனுப்பினார். பல மாதம் கழித்து ஒரு நாள், தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அந்தப் பாட்டை இனிமே என்னால கேட்க முடியலடா. போட்டாலே அந்த வீடும் அந்த நாளும்தான் வருது." நாங்கள் இருவரும் சேர்ந்து எத்தனையோ பயணங்களில் பாடிய பாட்டு அது. நல்ல எண்ணத்தோடுதான் அனுப்பினேன். ஆனால் பாட்டு எங்கே போனாலும் அந்த நேரத்தைத் தன்மேல் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். துக்கத்தில் இருப்பவருக்கு, அவர் உயிராக நினைக்கும் பாட்டை நான் இப்போது அனுப்புவதில்லை. பக்கத்தில் போய் உட்காருகிறேன். அவராக ஏதாவது போடச் சொன்னால் போடுகிறேன்.

சரி, இந்த வாரம் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறேன்? மறுபடியும் பாக்கிடம் வந்திருக்கிறேன். ஐந்தாவது செல்லோ தொகுதியில் வரும் சாரபாண்ட் என்ற மெதுவான நடனப் பகுதி. இந்தத் தொகுதிக்காகச் செல்லோவின் மேல் தந்தியையே ஒரு முழுச் சுரம் கீழே இறக்கிச் சுருதி சேர்க்கச் சொல்லியிருக்கிறார் பாக். அதனால் கருவியின் நாதமே கொஞ்சம் மங்கி, இருண்டு ஒலிக்கிறது. முதல் தொகுதியில் தந்திகள் சேர்ந்து ஒலித்த அந்த நிறைவு இந்த சாரபாண்டில் எங்கேயும் கிடையாது. தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம். அடியில் தாங்க யாரும் இல்லை. சுரம் ஒவ்வொன்றும் அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தேடித் தேடிப் போகிறது.

அலுவலகத்து நண்பர் நேற்று மறுபடியும் கேட்டார். இந்த முறை ஹெட்போனைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, "அடியில ஒண்ணும் இருக்காது, தனியாத்தான் போகும். முதல்ல சுரம் இறங்கினதும் ஒரு தூரத்துச் சுரத்துக்குத் தாவும் பாருங்க" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்று நிமிடத்துக்கும் மேல் இருக்கும், முடியும்வரை கழற்றவில்லை. பிறகு, "இன்னொரு தடவை போடறீங்களா?" என்றார்.

இன்று நான்காவது நாள். நோட்டில் இன்னும் ஒரு வரிக்கு மேல் எழுத வரவில்லை. நாளைக்கு மூச்சை மட்டும் கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.